பீப்பாயில் வாசித்த மினுவெட்

மேடையில் இல்லாமல், முரசு இல்லாமல், முரசுக் கோல்கூட இல்லாமல், தரைக்கு அடியில் நின்றுகொண்டு, இரண்டு முட்டைக்கோஸ் பீப்பாய்களை வைத்து ஹைடனின் சிம்பொனி ஒன்றின் பின்பாதி முழுவதையும் வாசித்தவன் நான். மேலே கோட்டை மண்டபத்தில் உட்கார்ந்திருந்த நானூறு பேரில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மண்டபத்தில் இருக்கைகள் நூற்றிருபதுதான். மீதிப் பேர் எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். அன்றைக்கு நானூறு பேர்.

எங்கள் த்ரெஷ்னோவ் ஊரில் நான் இதைச் சொல்லாத கல்யாண விருந்து கிடையாது. இரண்டு மூன்று சவ அடக்கங்களிலும் சொல்லியிருக்கிறேன். இறந்தவர்களைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் எல்லாம் கடைசியில், "இருக்கும்யா, இவன் செய்யக்கூடியவன்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பைக்குக் கை நீட்டுவார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் ஒவ்வொரு முறையும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல் "பொய்" என்பாள். அவள் ஸ்வாதவா. எங்கள் இசைக்குழுவின் முதல் வயலின், தலைவி, சட்டம், தண்டனை எல்லாமே அவள்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஹினெக். வேலையில் எடை அளவு ஆய்வாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். கசாப்புக்கடைத் தராசு, தானியக்கடைப் படி, பெட்ரோல் பங்க் குழாய் எல்லாம் என் பரிசோதனைக்குத் தலைவணங்கியவை. வேலை நேரத்தில் ஒரு கிராம் கூட்டிச் சொல்ல உரிமை இல்லாதவன், மிச்ச நேரத்தில் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் அது பொய்யாகாது. கணக்கு சமனாகிறது, அவ்வளவுதான்.

எங்கள் குழுவில் இருபத்திரண்டு பேர். முன்னால் நின்று கோலால் காற்றைக் கிளறுகிறவர் யாரும் கிடையாது. ஹைடன் காலத்து வழக்கப்படி முதல் வயலின்தான் தலைமை. ஸ்வாதவா மூச்சை இழுத்தால் தொடங்குவோம். புருவத்தை இறக்கினால் அடங்குவோம். வயலின்களுக்கு ஆட்டுக்குடல் தந்தி, கொம்புகளுக்கு வால்வு கிடையாது, என் செப்பு முரசுகளுக்குக் கன்றுத்தோல். ஹைடன், மொட்சார்ட், அவர்கள் தெருவில் குடியிருந்து பெயர் மறந்துபோன ஐம்பது அறுபது பேர், இவ்வளவுதான் எங்கள் உலகம். பீத்தோவனுக்குப் பாதிக் கதவைத் திறந்து வைத்திருந்தோம். அதற்குப் பின்னால் எழுதப்பட்ட எதையும் நாங்கள் அங்கீகரிக்கவில்லை. புத்தாண்டுக்கு ஒரு வால்ட்ஸ் வாசிக்கலாமே என்று ஒரு வியோலாக்காரர் ஒருமுறை கேட்டார். இப்போது வேறு ஊரில் வசிக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. இசைத்தாளில் இரட்டைக் கோட்டுக்கு முன்னால் இரண்டு புள்ளிகள் இருந்தால், வாசித்த பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டும். மற்ற குழுக்கள் கடைசி ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் அந்தப் புள்ளிகளைத் தாண்டிப் போய்விடும். நாங்கள் தாண்ட மாட்டோம். "எழுதினவர் என்ன மடையரா? ரெண்டு புள்ளி வச்சிருக்கார்னா ரெண்டு தடவை" என்பாள் ஸ்வாதவா. முன்வரிசையில் ஒருமுறை மேயர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் அந்தப் பகுதியைத் திரும்ப வாசித்தோம். இரண்டாம் முறை அவர் விழவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இந்தச் சட்டத்தை நம்பித்தான் நான் கெட்டுப்போனேன்.

அந்தக் காலத்துச் சிம்பொனிகளில் மெதுவான பகுதி வரும்போது பெரும்பாலும் முரசுக்கு வேலை இருக்காது. ஒரு மெட்டு வரும், பிறகு அதையே வேறு வேறு சட்டை போட்டு நடக்க விடுவார்கள். ஒவ்வொரு சட்டைக்கும் நடுவில் இரண்டு புள்ளிகள், கடைசியில் இரண்டு புள்ளிகள். மண்டபம் சிறியது என்பதால் முரசையும் இரண்டு ட்ரம்பெட்டையும் பெரிய ஓடு பதித்த கணப்புக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தார்கள். கேட்பவர்களுக்கும் எங்களைத் தெரியாது, முன்னால் இருக்கும் ஸ்வாதவாவுக்கும் தெரியாது. அங்கே ஒரு சின்னக் கதவு. பழைய காலத்தில் வேலைக்காரர்கள் விறகு கொண்டுவந்த வழி. படியில் இறங்கினால் நேராகக் கோட்டையின் பழைய சமையலறை. அந்தச் சமையலறைதான் இப்போது போஷெனாவின் பீர்க்கடை.

எல்லா மறுமுறைகளோடும் ஒரு மெதுவான பகுதி என்றால் என் கணக்கில் ஒரு பெரிய பீர், ஊறவைத்த சாசேஜ் ஒன்று, ஊர்வம்பு இரண்டு. என் கைக்கடிகாரத்தைவிட அந்தப் புள்ளிகளைத்தான் நம்பினேன். இப்படியே பல வருஷம் ஓடியது.

ஒரு ஒத்திகையின்போது ஸ்வாதவா கணப்பைச் சுற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். எல்லோரும் வில்லை இறக்கினார்கள்.

"ஹினெக், மீசையில என்னது?"

"நரை, அம்மணி. வயசாகுதில்ல."

"நரை எங்கயாவது குமிழி விடுமா? நுரை அது."

சிரிப்பு கிளம்பியது. அவள் சிரிக்கவில்லை.

"எல்லார் முன்னாலயும் சொல்றேன். கடைசி சுரம் முடியறதுக்கு முன்னால நீ இந்த மண்டபத்தை விட்டு வெளிய போனேன்னு இனி ஒரு தடவை தெரிஞ்சா, அந்த ஸ்டூல் உனக்கு இல்ல. தீயணைப்புப் படை பேண்டுல மத்யேய் இருக்காரு. கேட்டுட்டேன். வரேன்னுட்டாரு."

"அவரா? அவர் முரசு அடிச்சா ஊர்ல எல்லாரும் வாளியைத் தூக்கிட்டு ஓடுவாங்களே, அம்மணி."

"ஓடட்டும். சரியான இடத்துல அடிக்க ஆள் இருப்பாரு. என் வார்த்தை மாறாது, தெரியுமில்ல?"

தெரியும். ஸ்வாதவா சொன்ன வார்த்தையை மாற்றியதாக எங்கள் மாவட்டத்தில் பதிவு இல்லை. எனக்குப் பக்கத்தில் ட்ரம்பெட் ஊதும் இரட்டையர்கள், ராதிமும் ஒத்மாரும், அந்த நிமிஷத்தோடு பீர் குடிப்பதை விட்டுவிட்டார்கள். நானும் விடுவதாக மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். காரணம் இருந்தது. வாரம் முழுக்க என்னைத் தெருவில் பார்த்தால் கடைக்காரர்கள் கதவை இழுத்துச் சாத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான், நான் கோலைத் தூக்குவதற்காக இருபத்தொரு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். மூன்று கால் உள்ள அந்த ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நான் எங்கே போய் உட்காருவது?

அடுத்த ஞாயிறு. காலைக் கச்சேரி. நானூறு பேர். நான் நல்ல எண்ணத்தோடுதான் போனேன். இடைவேளை முடிந்து சிம்பொனி தொடங்கும் முன் முரசைச் சுருதி சேர்த்தேன். முரசுக்காரன் சுருதி சேர்ப்பது எப்படியென்றால், தோலோடு காதை ஒட்டிவைத்துக்கொண்டு விரலால் மெல்லத் தட்டுவது. அந்த நேரத்தில் பக்கத்தில் பீரங்கி வெடித்தாலும் கேட்காது. அந்த நேரம் பார்த்துத்தான் ஸ்வாதவா ஒரு ரகசியத்தை வில் நுனியிலிருந்து வில் நுனிக்கு அனுப்பியிருக்கிறாள். இரட்டையர்கள் வரை வந்த ரகசியம் என்னிடம் மட்டும் வரவில்லை.

முதல் பகுதியை இடியாக முழக்கினேன். இரண்டாம் பகுதி, மெதுவாக, மெட்டைத் தொடங்கியது. எனக்கு வேலை இல்லை. கைகளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். கணப்பில் பல வருஷமாகத் தீ மூட்டுவதில்லை. அதன் புகைவழி கீழே போஷெனாவின் அடுப்போடு சேர்வதால், அதன் வாயிலிருந்து வறுத்த வெங்காயத்தின் வாசனை எழுந்து வந்து என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தது. நான் எதிர்த்தேன். முழு மெட்டு ஒன்று முடியும்வரை எதிர்த்தேன். சரித்திரத்தில் கோட்டைகளே அவ்வளவு நேரம் தாங்கியதில்லை.

கதவைச் சத்தமில்லாமல் திறந்து இறங்கினேன்.

"வாய்யா, பொய் மூட்டை" என்றாள் போஷெனா. "இன்னைக்கு நீ வரமாட்டேன்னு பந்தயம் கட்டினாங்க."

"யாரு தாயே?"

"நான்தான். தோத்துட்டேன். உக்காரு."

மூலையில் காட்டிலாகா ஆட்கள் இரண்டு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பழைய சமையலறை அடுப்பு ஒரு முழு எருதைச் சுடக்கூடிய அளவு பெரியது. போஷெனா அதன் ஓரத்தில் ஒரு சின்ன அடுப்பில்தான் சமைப்பாள், மீதி இடத்தில் ஆள் நிமிர்ந்து நிற்கலாம். அதன் புகைபோக்கி வழியாக மேலே வாசிப்பது, பக்கத்து அறையில் வாசிப்பதுபோலத் துல்லியமாகக் கேட்கும். கோப்பை வந்தது. நுரை அடங்கக் காத்திருந்தேன்.

அப்போது மேலே ஓபோ என்கிற குழல் தனியாகப் பாட ஆரம்பித்தது.

"இது ஏன் இப்ப பாடுது?" என்றேன்.

"யாரு?"

"ஓபோ. அதோட முறை வர இன்னும் எவ்வளவோ இருக்கு. நுரைகூட இன்னும் அடங்கலயே."

"பாட்டு வந்துருக்கும், பாடுது. நீ குடி."

அரை வாய் குடித்தேன். ஓபோ தன் பகுதியை ஒருமுறை பாடியது. திரும்பப் பாடவில்லை. அடுத்த சட்டையோடு வயலின்கள் வந்தன. அவையும் ஒருமுறைதான். கோப்பையை வைத்தேன். சூரியன் மேற்கே உதித்திருந்தால்கூட நான் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டேன். த்ரெஷ்னோவ் கோட்டையில் மறுமுறைகளைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள்!

படிகளில் ஏறினேன் என்று சொல்வது சரியல்ல. படிகள் எனக்குக் கீழே எங்கோ இருந்தன. மேலே போய்க் கதவைத் தள்ளினால், பூட்டியிருந்தது. உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. ஸ்வாதவா, ஹைடனுக்குச் செய்த சத்தியத்தை என் ஒருவனுக்காக மீறி எனக்குப் பொறி வைத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மெதுவான பகுதி முடிந்தது. அடுத்தது மினுவெட், மூன்றடித் தாளத்தில் ஒரு நடனம். முதல் அடியிலேயே முரசு விழ வேண்டும். முற்றத்தைச் சுற்றிப் பெரிய வாசல் வழியாக ஓடினால், நானூறு பேர் கண்ணெதிரே மண்டபத்துக்குள் நுழைவேன், ஸ்டூல் போச்சு. ஓடாமல் நின்றால் முரசு வாய் மூடிக் கிடக்கும். அப்போதும் ஸ்டூல் போச்சு.

மேலே சுருதி சேர்க்க ஆரம்பித்தார்கள். அங்கேதான் எனக்கு உயிர் வந்தது. மறுமுறையை விட்டாலும் ஸ்வாதவாவால் சுருதி சேர்ப்பதை விட முடியாது. குடல் தந்தி ஒரு இருமல் சத்தத்துக்கே இறங்கிவிடும். அவள் காதுக்குத் திருப்தியாவதற்குள் ஒரு கன்றுக்குட்டி பசுவாகிக் கறவைக்கு வந்துவிடும்.

நான் கீழே பாய்ந்தேன்.

"தாயே, அந்தப் பீப்பாய்ல என்ன?"

"முட்டைக்கோஸ். புளிக்குது."

"இதுல?"

"அதுவும் முட்டைக்கோஸ்தான். பாதி வித்தாச்சு. ஏன்யா, மூஞ்சி வெளுத்துருக்கு?"

இரண்டு பீப்பாய்களின் வாயிலும் தடித்த மெழுகுத்துணி போட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. ஒன்றைத் தட்டினேன். பாதி காலியானது நல்ல கனத்த குரலில் பஞ்சமம் பேசியது. சத்தியமாக, மேலே ஓபோ கொடுத்துக்கொண்டிருந்த சுரம் அதுதான். நிறைந்ததைத் தட்டினேன். ஆதார சுரத்தில் நிற்க வேண்டியது, ஒரு முழு மாடி மேலே நின்றது.

"இது ஏறி நிக்குது. எடு தாயே, நாலு கரண்டி எடு!"

"என் கோஸை எதுக்குய்யா எடுக்கணும்?"

"எடுத்தாதான் இறங்கும்!"

போஷெனா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு புகைபோக்கி வழியே வந்த சத்தத்தைக் கேட்டாள். கெட்டிக்காரி. கயிற்றை அவிழ்த்து, கோஸை அள்ளிக் காட்டிலாகா ஆட்களின் தட்டுகளில் கொட்டினாள்.

"நாங்க கேக்கலயே" என்றார் ஒருவர்.

"தின்னுங்கய்யா. ஹைடனுக்காக."

கட்டினாள். தட்டினேன். இன்னும் இறங்க வேண்டும். மறுபடி அள்ளினாள். கட்டினாள். தட்டினேன். அரைக் கரண்டி அதிகமாகப் போய்விட்டது. தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துத் திரும்பப் போட்டோம். அவர் பாதி மென்றதைப் போட்டோம் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம், அது மிகைப்படுத்தல்.

கோலுக்கு இரண்டு மரக்கரண்டிகளை எடுத்துக்கொண்டேன். வெறும் மரம் பட்டால் டக்கென்று பல்லிடிக்கிற சத்தம் வரும். மேலே ஏதாவது மெத்தென்று சுற்ற வேண்டும். சுற்றினேன்.

"அது என்ன துணி?" என்றாள் போஷெனா.

"என் சாக்ஸ், தாயே."

"அந்தக் கரண்டியை இனிமே நீயே வச்சுக்க."

காட்டிலாகா ஆட்கள் பீப்பாய்களை அடுப்புக்குள் உருட்டி நிறுத்தினார்கள். நான் அவற்றுக்குப் பின்னால், எருது நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். மேலே அமைதி. முதல் வயலின் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷமாகக் கேட்ட மூச்சு அது. இருட்டில், தண்ணீருக்கடியில், சவப்பெட்டிக்குள் இருந்தாலும் தெரியும். அந்த மூச்சோடு கையைத் தூக்கினேன்.

அடித்தேன்.

என்னவென்று சொல்வது! சத்தம் புகைபோக்கியில் ஏறி, வளைந்து, கணப்புக்குள் நுழைந்து, அதன் வாய் வழியாக மண்டபத்தில், என் முரசுகள் நிற்கும் அதே மூலையில் போய் இறங்கியது. கன்றுத்தோலைவிட உருண்டையாக, ஈரமாக, வயிற்றிலிருந்து வருகிற சத்தம். அந்த மினுவெட்டை ஹைடனே முட்டைக்கோஸுக்காக எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. நடுவில் முரசு சும்மா இருக்கும் பகுதி வந்தபோது போஷெனா சாசேஜை என் வாயில் வைத்தாள். முரசின் முறை திரும்பி வருவதற்குள் மென்று விழுங்கினேன். கடைசிப் பகுதி ஓட்டமாக வந்தது. அதில் ஒரு நீண்ட உருட்டல் இருக்கிறது. இரண்டு கரண்டியும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். காட்டிலாகா ஆட்கள் எழுந்து நின்றார்கள். சீட்டுக்கட்டு மேசையில் தானாகக் குதித்தது. கோஸ் தண்ணீர் துணி வழியாகப் பூவாகத் தெறித்தது. கடைசி இரண்டு அடி. டும். டும்.

புகைபோக்கி வழியாகக் கைதட்டல் இறங்கி வந்தது. கூடவே ஒரு காக்கைக்கூடும்.

முற்றத்தைச் சுற்றி, பெரிய படிக்கட்டில், வெளியே வந்துகொண்டிருந்த நானூறு பேரைக் கிழித்துக்கொண்டு மேலே போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் மூக்கை உறிஞ்சி, "நல்ல சாப்பாட்டு வாசனை" என்றார். கணப்புக்குப் பின்னால் போய் ஸ்டூலில் உட்கார்ந்து பக்கத்தில் பார்த்தால், ராதிமும் ஒத்மாரும் கரிக்கட்டைகளாக இருந்தார்கள். என் ஒவ்வொரு அடிக்கும் கணப்பு ஒரு பிடி கரியை அவர்கள்மேல் துப்பியிருக்கிறது. அப்படியே எழுந்து முன்னால் போய்ச் சபையை வணங்கியிருக்கிறார்கள். வெள்ளையாகத் தெரிந்தது நாலு கண்கள்தான்.

ஸ்வாதவா வந்தாள். வயலின் ஒரு கையில், சாவி மறு கையில். பின்னால் குழு முழுவதும்.

"எல்லாரும் முன்னால வந்து வணங்கும்போது நீ ஏன் வரல?"

"கால் மரத்துப்போச்சு, அம்மணி" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். ஸ்டூல் எனக்கு. அந்த வரி நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு தட்டில் ஸ்டூல், மறு தட்டில் நான் செய்த காரியம். எடை பார்ப்பது என் தொழில். முள் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் சொன்னேன். கோஸ், கரண்டி, சாக்ஸ், எருது நிற்கும் இடம், ஒன்றுவிடாமல். சொல்லும்போதே பீப்பாய்கள் கொஞ்சம் பெரிதாகின. குழு வாயைப் பிளந்து நின்றது. யாரோ, "ஐயோ, தன் தலைக்குத் தானே தூக்கு மாட்டிக்கிறானே" என்று முணுமுணுத்தார்.

ஸ்வாதவா சாவியை விரலில் ஒருமுறை சுற்றினாள். பிறகு இரட்டையர்கள் பக்கம் திரும்பினாள்.

"ராதிம், இவன் இங்க இருந்தானா?"

"நான் என் நோட்டைத்தான் பாத்துட்டிருந்தேன், அம்மணி."

"ஒத்மார்?"

"நானும் அவன் நோட்டைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"மூஞ்சியில என்ன கரி?"

"கரியா?" என்று இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்து, முதல் முறையாகத் திடுக்கிட்டார்கள்.

அவள் சாவியை உயர்த்திப் பிடித்தாள். "இந்தக் கதவை நான் பூட்டச் சொன்னேன். பூட்டிட்டு சாவியை என்கிட்ட கொடுத்துட்டாங்க. வெளிய இருந்தவன் உள்ள வந்திருக்க முடியாது. முரசு இந்த மூலையிலேருந்து கேட்டுது. ஒரு அடி முந்தல, ஒரு அடி பிந்தல. என் காது பொய் சொல்லாது. ஆக இவன் இங்கதான் இருந்தான். இப்ப சொல்றது பூரா பொய்."

"அம்மணி, என் கையை மோந்து பாருங்க!"

"மாட்டேன்."

"கீழ போய் போஷெனாவைக் கேளுங்க!"

"அவ உனக்கு மேல புளுகுவா. கேக்க மாட்டேன்."

"கரண்டியைக் காட்டட்டுமா? சாக்ஸோட இருக்கு!"

"தூக்கி உள்ள வை" என்றாள். "அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு ஒத்திகை. தாமதமா வராதே."

திரும்பிப் போய்விட்டாள். என் ஸ்டூல் எனக்கே இருந்தது. உலகத்தில் எந்த மனிதனும் செய்யாத காரியத்தைச் செய்த பெருமை மட்டும் கையைவிட்டுப் போனது. தன் இடம் பிழைத்ததற்காக அழுகிற அளவு வருத்தப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு அந்தச் சின்னக் கதவு ஒவ்வொரு கச்சேரிக்கும் பூட்டப்பட்டது. மறுமுறைகள் எல்லாம் பழையபடி திரும்பி வந்தன. அந்த ஒரு நாள் மட்டும் ஏன் தாண்டினீர்கள் என்று வெளியூர் ரசிகர் ஒருவர் கேட்டதற்கு, "பக்கம் ஒட்டிக்கிச்சு" என்றாள் ஸ்வாதவா. இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொண்டதா என்று அவர் கேட்கவில்லை. நான் மெதுவான பகுதி முழுவதும் கை கட்டி உட்கார்ந்து கேட்டேன். கேட்கக் கேட்க, அது மோசமில்லை. ஓபோ பாடும் நேரத்தைப் பீர் குடிக்கப் போகும் நேரமாக நினைத்திருந்தது என் தவறு என்று சொல்ல வரவில்லை, பீரும் மோசமில்லை.

கதையை நான் நிறுத்தவில்லை. வருஷத்துக்கு வருஷம் அது நன்றாக வளர்ந்தது. ஸ்வாதவாவின் "பொய்" மட்டும் வளரவும் இல்லை, குறையவும் இல்லை. மேசையின் அந்தக் கோடியிலிருந்து ஒரே சொல், ஒரே சுருதி. ஒருமுறை ஜோஸ்யம் சொல்வதுபோல நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே சொன்னாள்.

இந்த வசந்தத்தில் என் வலது தோள் நின்றுபோனது. டாக்டர் கரண்டிகூடத் தூக்க வேண்டாம் என்றார். பீர்க் கோப்பை பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஸ்டூலை விட்டுக் கொடுத்தேன். மத்யேய் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகள் நன்றாக வாசிக்கிறாள். யாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை. ஞாயிறு கச்சேரி முடிந்ததும் போஷெனாவின் கடையில் எனக்கு விருந்து. வாத்து வறுவல், வேகவைத்த மாவு உருண்டைகள், மலைபோல் முட்டைக்கோஸ்.

"சொல்லுய்யா, கடைசியா ஒரு தடவை" என்றாள் போஷெனா. அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. கடை மட்டும் அப்படியே இருந்தது.

சொன்னேன். அன்றைக்கு என் தொண்டையில் ஏதோ விசேஷம். பீப்பாய்கள் ஏழு. எண்ணூறு பேர். உருட்டலில் கோட்டைக் கோபுரத்தின் மணி தானாக அடித்தது. இரட்டையர்கள் மேசையைத் தட்டினார்கள். முடித்துவிட்டு எல்லோரும் வழக்கம்போல மேசையின் கோடியைப் பார்த்தோம், அந்த ஒரு சொல்லுக்காக.

ஸ்வாதவா வாத்திலிருந்து எலும்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பிரித்து முடித்தாள். முள்கரண்டியை வைத்தாள்.

"ஹினெக், ஸ்டூலை ஒப்படைச்சாச்சா?"

"ஆச்சு, அம்மணி. அந்தப் பொண்ணு உக்காந்து வாசிச்சதை இன்னைக்கு நீங்களே கேட்டீங்களே."

"திரும்ப வேணும்னு கேட்டு வரமாட்டியே?"

"இந்தத் தோளை வச்சுக்கிட்டா? மாட்டேன்."

"சரி." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "மினுவெட்ல மூணாவது அடியிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தோல் அப்படிப் பேசாது. கன்னுக்குட்டிக்கு ஏது அந்தக் குரல்?"

மேசையில் யாரும் மெல்லவில்லை.

"அப்புறம் ஏன் இத்தனை வருஷமா..." என்று ஆரம்பித்தேன்.

"நம்பிட்டேன்னு சொல்லியிருந்தா உன்னை அனுப்பணும். எல்லார் முன்னாலயும் சொன்ன வார்த்தையாச்சே. அனுப்பிட்டு? மத்யேயா? அவர் பாவம், நல்ல மனுஷன், ஆனா இவ அப்பாங்கறதால சொல்லாம விடறேன்." மத்யேயின் மகள் தலையைக் குனிந்து சிரித்தாள். "நீயோ வாயைக் கட்ட மாட்டேங்கற. என்னால வேற என்ன செய்ய முடியும்? காதைத்தான் கட்டிக்க முடிஞ்சுது."

நான் திறந்த வாயில் ஒரு மாவு உருண்டையைப் போட்டு மூடிக்கொண்டேன். போஷெனா அதைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் ரசித்தாள்.

"ஆனா ஒண்ணு" என்று ஸ்வாதவா என் பக்கம் விரலை நீட்டினாள். "ஏழு பீப்பாய் கிடையாது. எனக்குக் கேட்டது ரெண்டு சுரம்தான். அதுலயும் ஆதார சுரத்துப் பீப்பாய் ஒரு மயிரிழை ஏறி நின்னுது. இன்னும் அரைக் கரண்டி எடுத்திருக்கணும்."

"எடுத்தோம், அம்மணி. திரும்பப் போட்டுட்டோம்."

"போட்டிருக்கக் கூடாது" என்றாள். தன் கோப்பையை எடுத்து என் கோப்பையில் மெல்ல இடித்தாள். "மத்தபடி, நடந்தது. இவன் சொல்ற மாதிரியேதான் நடந்தது."